வலித்ததா என்ற கட்டம்

1926 மார்ச் ஐந்தாம் தேதி, பினாங்கில் எங்கள் பல் வைத்தியசாலையில் இருந்தவர்கள்: சாய்வு நாற்காலியில் அமலம்மாள்; வாசல் பெஞ்சில், தன் முறைக்குக் காத்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கார்த்திகேசு; அலமாரியை ஒட்டிய முக்காலியில், வீங்கிய இடக்கன்னத்தைப் பிடித்தபடி, ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி ரீத்தா; ஜன்னலோர மேசையில், பதிவேடு எழுதும் கிராணியாகிய நான். டாக்டர் வில்லியம் மட்டும் நின்றிருந்தார்.

பல்லை மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்துகள் இரண்டு. பழையது கோக்கேன். புதியது நோவோகெய்ன், சிங்கப்பூர் வியாபாரி மாதிரிக்கு அனுப்பியது. பழையதைப் போட்டபோது, போன வருஷம் ரீத்தா நெஞ்சு படபடத்து மயங்கி, அரைமணி கழித்துத்தான் கண் திறந்தாள். புதியது அப்படிச் செய்யாது என்று கேள்வி. வலியை அடக்குமா என்பதுதான் சந்தேகம். மருந்துக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு பேருக்குப் போட்டுப் பார்த்து, வெல்வதை மட்டும் இனி வாங்குவதென்று டாக்டர் முடிவு செய்திருந்தார். ‘வலித்ததா’ என்ற கட்டத்தில் ஆம், இல்லை எழுதுவது என் வேலை. பத்துப் பேர் முடிந்து இரண்டும் சமமாக நின்றன. கையிருப்பு இந்தப் பன்னிரண்டு பேரோடு தீர்ந்துவிடும்; அடுத்து கப்பலில் வரும் மருந்து எதுவோ, அதில்தான் ரீத்தாவின் பல்லைப் பிடுங்குவதாக இருந்தது.

அமலம்மாளுக்குப் புதியது. கடைவாய்ப்பல் வேரோடு வந்தது; ஒரு முனகல்கூட இல்லை. ‘இல்லை’ என்று எழுதினேன். கார்த்திகேசுக்குப் பழையது. அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ‘ஆம்.’ அப்படியானால் புதியதுதான் என்று சொல்லிவிட்டு டாக்டர் சாப்பிடப் போனார். மருந்தின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, சிங்கப்பூர் வியாபாரிக்கு நேற்றே கடிதம் எழுதிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தேன்.

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, மருந்து நல்ல மருந்து போலிருக்கிறதே என்றேன் அமலம்மாளிடம்.

“மருந்தா? தவக்காலம், தம்பி. கத்தமாட்டேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டு வந்தேன்.”

வலித்ததா இல்லையா என்று மட்டுமாவது சொல்லச் சொன்னேன்.

“சொன்னா ஒறுத்தல் போயிடும், விரதம் முறிஞ்ச மாதிரி. ஈஸ்டர் கழிச்சு வந்து கேளு, சொல்றேன்.”

பெஞ்சிலிருந்து கார்த்திகேசு பஞ்சைக் கடித்தபடி சிரித்தார். “நான் அந்தக் கொறடப் பாத்துதான் கத்துனேன், கிராணி அண்ணே. பல்லு வந்ததே தெரியல லா.”

இருவரும் போனபின் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதுவரை நான் எழுதிய பதிவேட்டில் அடித்தல் கிடையாது. கார்த்திகேசின் ‘ஆம்’ பொய். அதைத் திருத்தினால் மறுபடி சமம். அமலம்மாளின் ‘இல்லை’யையும் எடுத்துவிட்டால் பழையது முந்தும். எடுக்காவிட்டால், வலியை அடக்குமோ அடக்காதோ தெரியாத ஒன்று கப்பலேறி வரும். முதல் பத்துப் பேரில் யார் யார் எதற்காகக் கத்தினார்கள், எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

ரீத்தாவைப் பார்த்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“வலிச்சாக் கத்திக்கிறேங்க,” என்றாள், வயிற்றின்மேல் கையை வைத்து. “கண்ணு தெறக்காமப் போயிட்டா?”

பதிவேட்டை அப்படியே மூடினேன். கடிதத்தில் விட்ட இடத்தில் ‘நோவோகெய்ன்’ என்று எழுதினேன். கட்டங்களைப் பார்த்து எழுதினேனா, அவளைப் பார்த்து எழுதினேனா, தெரியவில்லை. டாக்டரிடம் சொல்வதா என்பதும் தெரியவில்லை. உறையை ஒட்டினேன். தபால்தலையை ரீத்தா வாங்கி, நாக்கின் வலப்பக்கத்தில் நனைத்து உறையில் வைத்து அழுத்தினாள். பசை கசந்ததோ, பல் வலித்ததோ, முகத்தைச் சுளித்தாள். நான் கேட்கவில்லை. போஸ்டாபீசுக்கு நடந்தேன். நாலு மணிக் கப்பலுக்கான பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர், கயிற்றைச் சற்றே தளர்த்தி, கடிதத்தை உள்ளே தள்ளினார்.