கைதட்டல் வாங்கியவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கைதட்டலிலிருந்து வந்தது. கைதட்டலில் முடிகிற கதைகள்தான் நிறைய. இது அங்கே தொடங்கிக் கெட்டுப்போகிறது.

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘பள்ளி என்பது ஒரு நிறுவனம் என்றால், மாணவர்கள் அதன்—’

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

2

அவர் மின்விசிறிக் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்துவிட்டு வாத்தியாராக வந்தவர். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு. வந்த வாரமே வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தார், குழுவுக்கொரு தலைவரைப் போட்டார், சுவரில் இலக்கு எழுதி ஒட்டினார். பிள்ளைகள் அவருக்கு ‘டார்கெட் சார்’ என்று பெயர் வைத்தார்கள்.

(கேலி செய்யத்தான் அவரை எழுதத் தொடங்கினேன். முடியவில்லை. கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்தவனைத் தலைவராக்கினார். அவன் இப்போது மற்றவர்களைத் தட்டி எழுப்புகிறான். இதை எப்படிக் கேலி செய்வது?)

கம்பெனியில் கற்ற விதிகளில் அவருக்குப் பிடித்தது இது: குறையைத் தனியே சொல், பாராட்டை நாலு பேர் நடுவில் சொல். கூனிக்குறுகி வந்த விற்பனையாளர்கள் அதனால் நிமிர்ந்ததை அவர் கண்ணாரக் கண்டிருக்கிறார்.

3

ஜன்னலோரம் ஒரு பெண். பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்லவே எச்சில் விழுங்குகிறவள். யாருக்கும் வராத ஒரு கணக்கு அவளுக்கு வந்துவிட்டது. அவர் அவளைக் கரும்பலகை முன்னால் நிறுத்தினார்.

“இந்த வார ஸ்டார்! எங்க, எல்லாரும் ஜோரா கைதட்டுங்க!”

“ஸ்டாரு, ஆட்டோகிராப் போடு!” என்று ஒருவன் கத்தினான். இன்னும் ஜோராகத் தட்டினார்கள். அவள் காது மடல் சிவந்து—

(இந்த வரியை அடித்துவிடுகிறேன். காதை யார் பார்த்தார்கள்? அவரும் தட்டுகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

மறுநாள் அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

4

சனிக்கிழமை அவர் அவள் வீட்டுக்குப் போனார். அம்மா தையல்காரி. துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“இனிமே வரமாட்டாளாம் சார். என்கூடவே தைக்கிறாளாம்.”

“நான் திட்டவே இல்லம்மா. பாராட்டத்தான் செஞ்சேன்.”

“திட்டியிருந்தா வந்திருப்பா. அதுக்குத்தான் வீட்டுல நான் பழக்கி வச்சிருக்கேனே.”

சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

“போன வருசம் வரைக்கும் இவ இருக்குறதே எந்த வாத்தியாருக்கும் தெரியாது சார். நிம்மதியா படிச்சா.”

உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

5

முடிவு ஒன்று: அவர் மன்னிப்புக் கேட்கிறார், திங்கட்கிழமை அவள் வருகிறாள். (எழுதினேன். அழகாக இருந்தது. நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: அவள் வரவே இல்லை, கைராசிக்காரத் தையல்காரி ஆகிறாள். (இது சோக முடிவு என்று தோன்றினால், அவள் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.)

முடிவு மூன்று: அவர் உள்ளறைப் பக்கம் திரும்புகிறார். “பாப்பா, நீ—”

இங்கேதான் நிற்கிறேன். அவருக்குத் தெரிந்த விதிகளெல்லாம் மேலே ஏற ஆசைப்படுகிறவர்களுக்கானவை. உட்கார்ந்த இடத்திலேயே படிக்க ஆசைப்படுகிறவளுக்கு அவரிடம் ஒரு விதியும் இல்லை. அந்த ‘நீ—’க்குப் பிறகு வரவேண்டிய வாக்கியம் என்னிடமும் இல்லை.

உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். உள்ளறைக் கதவு ஒருக்களித்துத்தான் இருக்கிறது. மெதுவாகச் சொன்னாலே அவளுக்குக் கேட்கும்.