புதுசு என்று எழுதிய பில்

பிசியோதெரபி மையத்தின் பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற முகத்தைப் பார்த்ததும் சட்டென்று கம்ப்யூட்டர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புருஷனின் அக்கா. வீட்டைப் பங்கு பிரித்த நாளிலிருந்து நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிற அளவுக்குப் பகை.

நாத்தனார் பஸ் ஓட்டுகிறவள். பணிமனையில் சிந்திக்கிடந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை மரக்கட்டை மாதிரி விறைத்தே கிடந்ததால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒடிக்க முடியவில்லை. அதற்காக இங்கே ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். முன்கையிலும் உள்ளங்கையிலும் பட்டை போட்டு இறுக்கி, நடுவிலுள்ள திருகைத் தினமும் கொஞ்சம் திருப்பினால் மணிக்கட்டு மெல்ல வளைந்து கொடுக்கும். உயிர் போகிற வலி.

அந்தக் கருவியைத்தான் நாத்தனார் இப்போது கவுண்டரில் டமால் என்று வைத்தாள்.

"இது புதுசா?"

"பில்லுல அப்படித்தானே இருக்கு, அண்ணி."

"அண்ணின்னு கூப்பிடாதே. பட்டையத் திருப்பிப் பாரு."

உள்பக்கம் நீல மையில் யாரோ ஓர் ஆணின் பெயர். வியர்வையில் பாதி அழிந்திருந்தது.

"இன்சூரன்ஸ்காரன் பாதிதான் குடுப்பானாம். மீதி என் தலையில. ஒரு மாசச் சம்பளம்! எவனோ போட்டுக் கழட்டினத என் கையில மாட்டிட்டு, புதுசுன்னு எழுதியிருக்கே. கீழ யாரு கையெழுத்து?"

வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"எழுதச் சொன்னாங்க, எழுதினேன்."

"கிணத்துல குதின்னா குதிச்சிருவியா?"

கை சரியானவர்கள் இனி வேண்டாமென்று விட்டுவிட்டுப் போகிற கருவிகளை ஸ்பிரிட்டில் துடைத்துப் புது உறையில் போட்டு, அடுத்தவருக்குப் புதுசின் விலையில் பில் போடுவது ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. முதல் பில்லில் கை கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

இருக்கையை விட்டு எழுந்து நேராக மேலாளர் அறைக்குப் போனாள். அவர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"உங்க குடும்பச் சண்டைய இங்க கொண்டு வராதீங்கம்மா. கொஞ்சம் தள்ளுபடி குடுத்து வாயை அடைங்க."

"தள்ளுபடி இல்ல சார். வாடகைன்னு மாத்திப் போடணும்."

"அப்போ இதுவரைக்கும் போட்டது? எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. என்னோடது இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதுவரை பேசாமல் இருக்கைக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. பில்லை மாற்றி அச்செடுத்து நாத்தனாரிடம் கொடுத்தாள். பழைய கருவிக்குப் புதுசின் விலை போட்டது நான்தான், போடச் சொன்னவர் இன்னார் என்று ஒரு கடிதம் எழுதி, மதிய இடைவேளையில் தானே போய் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குத் தபாலில் சேர்த்தாள்.

பத்து நாளில் விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். எல்லாம் இந்தம்மாவின் கைவரிசை என்றார் மேலாளர். மைய நிர்வாகம் இரண்டு பேரையுமே வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"போயும் போயும் எங்கக்காவுக்காகவா வேலையத் தொலைச்சே?" என்றான் புருஷன்.

"அவங்களுக்காக இல்ல."

மறுநாள் சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. வாசலில் நாத்தனார். கையில் திருத்திய பில். படியேறவில்லை.

"நன்றி சொல்ல வந்தேன்னு நினைக்காதே."

"நினைக்கல."

"நான் வந்து கத்தினேன், எனக்குத் திருத்தினே. கத்தத் தெரியாதவங்க எத்தனை பேரு?"

"முப்பத்தொண்ணு."

"எண்ணி வேற வச்சிருக்கியா? தூக்கம் வந்துச்சா உனக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். கதவை அறைந்து சாத்தியவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலையும் போய், வீடு தேடி வந்து திட்டும் வாங்கியாயிற்று. காலையில் எழுந்தபோதும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் காபியை ஆறவிட்டு, அந்த முப்பத்தொரு பேரின் எண்களையும் எழுதி அலமாரியில் வைத்திருந்த நோட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் எண் ஒரு தச்சருடையது. விஷயத்தைக் கேட்டதும் காது கூசுகிற மாதிரித் திட்டினார். அவர் ஓய்கிறவரை போனைக் காதிலேயே வைத்திருந்து, எங்கே, எந்தக் காகிதத்தோடு புகார் கொடுக்க வேண்டும் என்று சொன்னாள். இரண்டாவது எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவதாகக் கிடைத்த பெண், மையத்தின் பெயரைக் கேட்டதுமே, "இன்னும் எவ்வளவு பிடுங்கப் போறீங்க?" என்று போனைத் துண்டித்தாள்.

அவளுக்கே மறுபடியும் போன் போட்டாள்.