மேல எவ்வளவு

மணிவேல் தன் பெரியப்பா கிருஷ்ணப்பனுக்குத் தர வேண்டியிருந்தது ஐயாயிரத்து ஒரு ரூபாய். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. அவன் கல்யாணத்தில் அவர் வைத்த மொய் அது. இப்போது அவருடைய கடைசி மகனுக்குக் கல்யாணம். வாங்கினதைத் திருப்பி வைக்கிற நாள் வந்துவிட்டது.

சூளகிரிப் பக்கம் அவன் சொந்தக்காரர்கள் மொய்யை வாங்கினபடியே திருப்பி வைக்க மாட்டார்கள். பழசோடு மேலே கொஞ்சம் சேர்த்து வைப்பார்கள். அந்த மேல்தொகையை நாளைக்கு அந்த வீடு இந்த வீட்டுக்குத் திருப்பும். அப்படியே போக்குவரத்து அறுபடாமல் ஓடும். வாங்கினதை மட்டும் எண்ணி வைத்தால், இத்தோடு உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். கோர்ட்டு வரைக்கும் போய் முகம் முறிந்தவர்கள்தான் அப்படி வைப்பார்கள்.

ஆக, மேலே எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஓசூர் சிப்காட்டில் மெஷின் முன்னால் நின்றபடி மணிவேல் ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தான். ஐந்நூறு என்று நினைத்தால் சரியாகப் படவில்லை. ஐயாயிரம் என்று நினைத்தாலும் படவில்லை.

"என்னப்பா மணி, மூணு பீஸ் ரிஜெக்ட்டு போட்டு வச்சிருக்கே. பொண்டாட்டி சோறு போடலியா?" என்றான் பக்கத்து மெஷின் அசோக்குமார்.

"மொய் எவ்வளவு வைக்கறதுன்னு யோசனைப்பா."

"இதுக்குப் போயா? உன்னை வளர்த்த மனுசன். கை தாராளமா வை."

வளர்த்த மனுசன். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். பொய் என்று சொல்ல மணிவேலுக்கும் வாய் வரவில்லை. அப்பா லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனாள். மூன்றாவது படித்துக்கொண்டிருந்தவனைத் தன் அக்கா வெங்கடம்மாள் வீட்டில் விட்டுப் போனாள். எட்டாவது வரைக்கும் அந்த வீட்டுச் சோறுதான். அக்காள் புருசன் கிருஷ்ணப்பன் அவனுக்குச் செருப்பு வாங்கித் தந்தார். காய்ச்சல் முற்றியபோது தோளில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். அதே கைதான், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்தால் கழுத்தைப் பிடிக்கும். கட்டைவிரல் காதுக்குப் பின்னால் அழுந்தும். அப்படியே தள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடி மோட்டார் ரூமில் விட்டு வெளியே தாழ் போடும். விடிய விடிய கிரீஸ் நாற்றம், ஈர ஒயர், காலுக்கடியில் என்ன ஊர்கிறதென்று தெரியாத இருட்டு. சில நாள் தாழ் போடுவதற்கு முன்னால் பீடி நெருப்பும் தொடையில் விழும். காலையில் கதவைத் திறப்பவரும் அவரேதான். வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி விடுவார். "தொட்டா சுருங்கி" என்று தலையைத் துவட்டுவார். இதில் எது அவர் என்று மணிவேலுக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

போன மாதம் அவர் பத்திரிகை வைக்கப் பாகலூரில் மணிவேலின் வாடகை வீட்டுக்கு வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துவிட்டு, எட்டு வயசு மகள் பிரியதர்ஷினியை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போறீங்க. லீவுல புள்ளைய யாரு பாப்பாங்க? நம்மூட்டுக்கு அனுப்பு. ரெண்டு மாசம் நாங்க பாத்துக்கறோம்."

மணிவேலின் மனைவி பூங்கொடிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்குத் திருச்சிப் பக்கம். செல்போன் கம்பெனியில் ஷிப்ட் வேலை. இந்த ஊரில் பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஒரு நாதியில்லை என்று தினமும் புலம்புகிறவள். "மாமா, தெய்வம் மாதிரி சொன்னீங்க" என்றாள்.

அன்று ராத்திரி மணிவேல் சொல்லத்தான் நினைத்தான். வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது.

"அங்க நாய் இருக்குது."

"இருந்தா என்னங்க? இவளுக்கு நாய்னா உசுரு."

"கடிக்கிற நாய்."

"உங்களைக் கடிச்சிருக்கா?"

மணிவேல் எழுந்து பாத்ரூமுக்குப் போனான். கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு ரப்பர் செருப்பை வாசலில் அடை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனான். தன் வீட்டில் அவன் எந்தக் கதவுக்கும் தாழ் போட்டதில்லை. "உங்கப்பா குளிக்கிறதை ஊரே பாக்கணும்னு ஆசை" என்று பூங்கொடி மகளிடம் கிண்டலடிப்பாள். கல்யாணமானதிலிருந்து அவளுக்கு அது ஒரு வேடிக்கை.

கிருஷ்ணப்பன் வீட்டுக் கல்யாணத்தன்று காலையில் பூங்கொடி ஒரு கவரை நீட்டினாள். "பத்தாயிரத்து ஒண்ணு வச்சிருக்கேன். போனஸ் காசு. புள்ளைய ரெண்டு மாசம் விடப்போறோம், கம்மியா வச்சா நல்லாருக்காது."

மண்டபம் சூளகிரியில் ஹைவேயை ஒட்டி இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் மைக்கில் மொய் வாசிப்பு தொடங்கிவிட்டது. கிருஷ்ணப்பன் வெள்ளை வேட்டியில் தூரத்திலிருந்தே, "டேய் மணி, வாடா கண்ணு" என்றார். அந்தக் குரல் கேட்டதும் அவனுக்குச் சந்தோசமாகவும் இருந்தது, ஒண்ணுக்கு வருவது போலவும் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் வரும் என்று அவனுக்குப் புரியவில்லை.

வெங்கடம்மாளும் பக்கத்தில் நின்றாள். மணிவேல் எதற்கென்று தெரியாமலே கேட்டான்.

"பெரியப்பா, அந்த மோட்டார் ரூமு இன்னும் இருக்குதுங்களா?"

"எந்த மோட்டார் ரூமு? ஓ, கெணத்துமேட்டு ரூமா. நெலத்த வாங்கின கம்பெனிக்காரன் எப்பவோ இடிச்சுட்டான். அங்க இப்ப லாரி நிக்குது. எதுக்குடா கேக்கற?"

அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. நிஜமாகவே மறந்துவிட்டாரா, மறைக்கிறாரா? ஒருவேளை அப்படியெல்லாம் நடக்கவே இல்லையோ, சின்னப் பையன் எதையோ பெரிசாக நினைத்துக்கொண்டானோ? மணிவேல் அப்போதுதான் வெங்கடம்மாளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, நன்றாக இருந்த முந்தானையை மறுபடி மறுபடி சரி செய்துகொண்டிருந்தாள். அவனை மட்டும் பார்க்கவில்லை.

கிருஷ்ணப்பன் அதற்குள் பிரியதர்ஷினியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு யாரிடமோ பெருமையடித்தார். "இவ இனிமே ரெண்டு மாசம் நம்ம ஊட்லதான்." பிள்ளை ஐஸ்கிரீம் கொடுக்கிற பக்கம் ஓடத் துடித்தது. "ஏய், அடங்கு" என்று சிரித்துக்கொண்டே அவள் கழுத்தைப் பிடித்தார். கட்டைவிரல் காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

மணிவேலின் தொடை எரிந்தது. அவன் யோசிக்கவில்லை. கையே போய்ப் பிள்ளையை விடுவித்துவிட்டது.

"விடுங்க பெரியப்பா."

"என்னடா, நான் என்ன புள்ளைய முழுங்கியா போடுவேன்?" என்று அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மணிவேலும் கூடவே சிரித்துவிட்டான். அது ஏன் என்றும் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் மகளின் கையை விடவில்லை. அப்படியே மொய் மேசைக்கு நடந்தான்.

மொய் எழுதிக்கொண்டிருந்தது ஊர்க்காரர் நாராயணப்பன். "சொல்லு மணி. பழசு?"

"ஐயாயிரத்து ஒண்ணுங்க."

"மேல எவ்வளவு?"

மணிவேல் கவரைப் பிரித்தான். ஐந்நூறு ரூபாய்த் தாள்களில் பத்தை எண்ணி, ஒரு ரூபாய்க் காசையும் சேர்த்து மேசையில் வைத்தான். மிச்சம் கையிலேயே இருந்தது.

"மேல இல்லீங்க."

நாராயணப்பனின் பேனா நின்றது. குரலைத் தாழ்த்தி, "பெரியப்பன் ஊடுடா. கையில காசு இருக்குது. வெறும் பழசா எழுதச் சொல்ற? எழுதிட்டா எழுதினதுதான்" என்றார்.

"தெரியுங்க. எழுதுங்க."

பந்தியில் இடம் பிடித்து வைத்திருந்த பூங்கொடி, அவன் பிள்ளையோடு வாசலைத் தாண்டுவதைப் பார்த்து ஓடி வந்தாள். பஸ் ஸ்டாப்பில்தான் பிடித்தாள். அவன் மிச்சம் ஐயாயிரத்தை அவள் கையில் வைத்தான்.

"என்னங்க இது? மேல வைக்கலியா? சண்டையா? பைத்தியமா உங்களுக்கு? வளர்த்தவரு—"

"பூங்கொடி, ஒரு நிமிசம்."

அவன் சொன்னான். வரிசையாகச் சொல்ல வரவில்லை. வெந்நீரில் ஆரம்பித்தான், செருப்புக்குப் போனான், ஆஸ்பத்திரிக்குப் போனான். நடுவில், "அவரு நல்லவருதான்" என்றுகூடச் சொன்னான். பிறகு கிரீஸ் நாற்றத்தைச் சொன்னான், பீடியைச் சொன்னான், வெளியே விழுகிற தாழ்ப்பாளின் சத்தத்தைச் சொன்னான். லாரிகள் போகும்போது பாதிப் பேச்சு கேட்காமல் போயிற்று. அவள் திரும்பக் கேட்கவில்லை. பிள்ளை கொஞ்சம் தள்ளி, கடை வாசலில் படுத்திருந்த நாயிடம் பேசிக்கொண்டிருந்தது.

"தொடைல இருக்கற தழும்பு, சின்ன வயசுல அடுப்புல பட்டதுன்னீங்க."

"ஆமா. அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்."

பூங்கொடி, "அதான் கதவுல செருப்பா" என்றாள். "பத்து வருசமா சிரிச்சிட்டிருந்தேனே."

"நானுந்தான் சிரிச்சேன். இப்பக்கூட அங்க சிரிச்சுட்டு வந்தேன். நான் பண்ணது சரியா தப்பான்னே தெரியல."

"எனக்கும் தெரியல." அவள் காசை மடித்துப் பர்ஸில் வைத்தாள். "லீவுக்கு நான் நைட் ஷிப்ட் கேட்டுக்கறேன். நீங்க பகல்ல போங்க. அவளை எங்கயும் விட வேணாம்."

பிள்ளை ஓடிவந்து, "அப்பா, தாத்தா ஊருக்கு எப்பப் போறோம்?" என்றது. அவன் வாயைத் திறப்பதற்குள் மண்டபத்து மைக் நாராயணப்பன் குரலில் பேசியது.

"பாகலூர் மணிவேல். பழைய மொய் ஐயாயிரத்து ஒரு ரூபாய்."

மைக் கொஞ்சம் கரகரத்தது. அதற்கு மேல் ஏதாவது வருமா என்று மணிவேல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

அடுத்த பேர் வந்துவிட்டது.