பூ விழுந்தால் உண்மை

"கைய நீட்டு. அசையாத, வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி, மருமகளின் மணிக்கட்டில் கன்றிப்போன இடத்தில் பவுடர் பூசினாள் மாமியார். முழுக்கைச் சட்டை போட்டும் அந்தக் கன்றல் எட்டிப் பார்த்தது.

பக்கத்து அறையில் டாக்டர், அதாவது மருமகளின் புருஷன், சீட்டியடித்தபடி தலை வாரிக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எவ எவ புருஷன்கிட்ட அடி வாங்குறான்னு ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியறியே, எனக்கு மானக்கேடா இல்ல?" இவள் வாய் திறந்து பதில் சொன்னாள். அதற்குக் கிடைத்த கூலி அது.

"உன் மாமா அடிக்காத அடியா? நான் வெளிய மூச்சு விட்டிருப்பேனா? வீட்டு விஷயம் வீட்டோட இருக்கணும்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மாமியார். நல்ல மனசுதான். என்ன செய்ய, நல்ல மனசுகள்தானே இந்த அநியாயத்துக்குக் காலங்காலமாகப் பவுடர் பூசி வருகின்றன!

மருமகள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் இணைப்பேராசிரியை. மாணவர்கள் வைத்த பெயர் 'பூவா தலையா மேடம்'. "புருஷன் அடிப்பாரா?" என்று நேராகக் கேட்டால் எவள் சொல்வாள்? அதனால் இவள் ஒரு காசைக் கொடுத்து மறைவாகச் சுண்டச் சொல்வாள். தலை விழுந்தால், அடி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருத்தி சொன்ன 'ஆமாம்' காசுக்காகவா, நிஜமாகவா என்று கேட்பவருக்கே தெரியாது. ஆனால் பாதிக்குப் பாதி தலைதான் விழும் என்பதால், அதைக் கழித்துவிட்டால் மொத்தக் கணக்கில் உண்மை அகப்பட்டுவிடும். இப்படி எத்தனையோ பெண்களைப் பேச வைத்தவளுக்குத் தன் வாயைத் திறக்க ஒரு வழியும் இல்லை.

அன்று பேராசிரியர் பதவிக்கான உரை. டாக்டரும் மாமியாரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

உரை முடிந்ததும் துணைவேந்தர் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி மேடம். ஆனா நம்ம பல்கலைக்கழகக் குடியிருப்புலயே மூணுல ஒருத்தி அடி வாங்குறாங்கறீங்களே, நம்பற மாதிரியா இருக்கு? எல்லாம் படிச்ச குடும்பம்! அந்தப் பகுதிய மட்டும் எடுத்துடுங்க. பதவி உங்களுக்குத்தான்."

இத்தனை வருஷம் ஏங்கிய பதவி. ஆனால் அது வந்தால் வீட்டில் ஒரு அடியாவது குறையுமா? அந்தப் பெண்களைக் கணக்கிலிருந்து அழித்தால் தன்னையும் சேர்த்தல்லவா அழிக்க வேண்டும்?

"ஒரு தடவ செஞ்சே காட்டிடறேன் சார்" என்று காசை எடுத்துச் சுண்டினாள். உள்ளங்கையில் பிடித்து, முறைப்படி தான் மட்டும் பார்த்தாள்.

பூ.

"ஆமாம்" என்றாள்.

"தலை விழுந்திருக்கு!" என்று காசைப் பார்க்காமலே சொன்னார் துணைவேந்தர். அவையே சிரித்தது. டாக்டர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

அவள் கையை விரித்து, காசைப் புரட்டாமல் துணைவேந்தர் முன்னால் வைத்தாள். சட்டைக்கை விலகியிருந்தது. வியர்வையில் பவுடர் கரைந்துவிட்டது.

சிரிப்பு அப்படியே நின்றது. டாக்டர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். துணைவேந்தர் கன்றலைப் பார்க்காமல் காசை மட்டும் பார்த்தார். "கை தவறி விழுந்திருக்கும்மா. இன்னொரு தடவ சுண்டிப் பாருங்க."

"அவ எதுக்குச் சுண்டணும்?"

முதல் வரிசையில் மாமியார் எழுந்து நின்றிருந்தாள். டாக்டர் கையைப் பிடித்து இழுத்தும் அவள் உட்காரவில்லை.

"அந்தக் காச இப்படிக் குடுங்க, நான் சுண்டறேன். எனக்கு எது விழுந்தாலும் ஒரே பதில்தான்."