ஹாலித் கையைத் துடைக்கிறான்

1

இந்தக் கதை முதலில் அமெரிக்காவில் நடந்தது. பேஸ்பாலில் பந்து எறிவதே பிழைப்பாக இருக்கும் ஒருவன் கதையும் எழுதுகிறான் என்று எங்கோ படித்ததை வைத்து ஆரம்பித்தேன்.

'பாஸ்டனில் அன்று கொட்டிய பனியில்...'

அதோடு நின்றுவிட்டது. பனி கொட்டும்போது சத்தம் வருமா, வராதா? முன்பென்றால் கூசாமல் ஒரு சத்தத்தைப் போட்டிருப்பேன். வாராவாரம் எழுதி எழுதி இப்போது அதற்குக்கூடத் தெம்பில்லை. ஆளைத் தூக்கித் திருச்சிக்குக் கொண்டுவந்தேன். பேஸ்பாலைக் கிரிக்கெட் ஆக்கினேன். பெயர் ஹாலித். வீடு பாலக்கரை.

2

'காவிரியில் அன்று தண்ணீர்...'

(வேண்டாம். திருச்சிக் கதை என்றாலே காவிரி முதல் வரியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் எழுப்பவே முடிவதில்லை.)

ஹாலித்துக்கு முப்பத்து நான்கு வயது. ஒரு லீக் அணிக்குச் சம்பளத்துக்குப் பந்து வீசுகிறான். தோள் தேய்ந்து, வேகம் போய்விட்டது. மிச்சமிருப்பது ஒரே ஒரு பந்து. ஓட்டம் வேகம், கை சுழல்வது வேகம், பந்து மட்டும் சாவகாசமாக வரும். அடிக்கிறவன் முன்கூட்டியே மட்டையைச் சுழற்றிவிட்டு முழிப்பான். அந்தப் பந்தில்தான் குடும்பம் ஓடுகிறது.

கூடவே ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறான். அதன் நாயகனும் பந்து வீச்சாளன். (அவனையும் எழுத்தாளனாக்கிப் பார்த்தேன். எனக்கே தலை சுற்றியது. விட்டுவிட்டேன்.) தோளில் ஐஸ் பையோடு படுத்துக்கொண்டு ஹாலித் சொல்லச் சொல்ல, மனைவி மஜீதா செல்போனில் தட்டிக்கொண்டே வருவாள்.

"மெதுவான பந்து போடப் போறான். அதுக்கு முன்னாடி என்ன பண்ணுவான்? வரவே மாட்டேங்குது, மஜீதா."

"கையைத் துடைப்பான்."

"எந்தக் கையை?"

"பந்து போடுற கையைத்தான். சட்டையில, நெஞ்சுகிட்ட. நீங்க துடைக்கிறீங்களே, அந்தப் பந்துக்கு மட்டும்."

"நானா?"

"யா அல்லாஹ்! இத்தனை வருஷமா டிவியில உங்களைத்தானே பார்த்துட்டிருக்கேன்? வேற யாரைப் பார்த்தேன்?"

ஹாலித் எழுந்து உட்கார்ந்தான். தனக்கே தெரியாமல் தன் உடம்பு செய்துவந்த காரியம். முதலில் பயம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'எழுதினால் எவ்வளவு உயிரோடு இருக்கும்!' என்றுதான் தோன்றியது. எழுதுகிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

அச்சில் வந்தது. வாசகர்கள் கொண்டாடினார்கள்.

3

அந்த வாசகர்களில் ஒருவன் சிவசங்கர். ஸ்ரீரங்கத்துக்காரன். எதிரணியின் முக்கிய மட்டையாளன்.

திருச்சியிலேயே ஆட்டம். மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயில். ஹாலித்துக்கு அடுத்த சீசன் உண்டா இல்லையா என்பதை இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள். கடைசி ஓவர் அவனுக்கு.

கையைத் துடைத்தான். மெதுவாகப் போட்டான். சிவசங்கர் அவசரமே படாமல் காத்திருந்து தூக்கினான். சிக்ஸர்.

அடுத்த பந்தில் ஒரு ரன் ஓடி இந்த முனைக்கு வந்தவன் மெல்லச் சொன்னான்:

"பாய், இந்த வார அத்தியாயம் பிரமாதம். வீட்டுல எல்லாரும் படிச்சோம்."

"கருத்து சொல்ற இடமா தம்பி இது?"

"பந்து எங்க போய் விழுந்துச்சுன்னு பார்த்தீங்கல்ல? அதான் கருத்து."

கேப்டன் இருதயநாதன் ஓடி வந்தான். "பாய், எல்லாப் பந்துக்கும் துடைங்க. குழம்பிச் சாகட்டும்."

துடைத்தான். துடைக்கிறோம் என்று தெரிந்தே துடைத்தான். அடுத்தடுத்து இரண்டு வைடு. (எழுதுவதைப் பார்த்துக்கொண்டே எழுதினால் எனக்கும் இதே கதிதான். இந்தப் பக்கமே சாட்சி.)

"போதும் பாய், பழையபடியே போடுங்க. ஒண்ணு கதை எழுதுங்க, இல்ல பந்து போடுங்க. ரெண்டும் வேணாம்."

ஹாலித்துக்கு இரண்டும் வேண்டும்.

4

கடைசிப் பந்து. எதிரணிக்கு நான்கு ரன் வேண்டும். நடுவில் ஒற்றை ரன் ஓடி, மட்டையோடு நிற்பது மறுபடி சிவசங்கர்.

முடிவு அ: கையைத் துடைத்துவிட்டு வேகமாகப் போடுகிறான். ஸ்டம்ப் பறக்கிறது. இந்தத் திருப்பத்தைத் துப்பாக்கி வைத்தும் விஷம் வைத்தும் நான் பலமுறை விற்றாகிவிட்டது. சிவசங்கரும் தொடர்கதை படிக்கிறவன்தானே? எதிர்பார்ப்பான்.

முடிவு ஆ: துடைக்காமல் மெதுவாகப் போடுகிறான். வியர்வையில் பந்து வழுக்கி, 'வந்து அடி' என்று இடுப்புயரத்தில் போய் நிற்கிறது.

முடிவு இ: மஜீதா கூட்டத்திலிருந்து எழுந்து...

(இல்லை. அவள் வீட்டில் டிவி முன்னால் இருக்கிறாள். ஒரு முடிவுக்காக அவளை இந்த வெயிலில் இழுத்து வர மாட்டேன்.)

ஹாலித் ஓட்டத்தின் தொடக்கத்தில் நிற்கிறான். தோள் விண்விண் என்று தெறிக்கிறது. என்ன பந்து என்று முடிவு செய்துவிட்டான். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என்ன என்று கேட்டேன்.

"சொன்னா எழுதிடுவீங்க சார்" என்றான்.

சட்டையில் கையைத் துடைத்தான். ஓடி வருகிறான். நீங்களும்தான் அத்தியாயத்தைப் படித்திருக்கிறீர்கள். அடியுங்கள்.