ஏழாம் நம்பர் வேர்

மல்லிகா கொடிக்கால் கூலிக்காரரின் மகள். வெற்றிலையில் காரத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவன் நாக்கு வெந்து நிற்பான் என்பது அவள் வீட்டில் வாண்டுகளுக்கும் தெரியும். அந்த அறிவையெல்லாம் மூட்டை கட்டிப் போட்டுவிட்டுத்தான் எம்.எஸ்ஸி. முடித்து, 1968-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே வாய்த்ததும் வெற்றிலைக்குப் பங்காளிதான். பசிபிக் தீவுக்காரர்கள் கரைத்துக் குடிக்கிற கவாச் செடியின் வேரை அரைத்து, அதில் மயக்கம் தருகிற பிசின் எவ்வளவு என்று அளக்கிற வேலை.

நடேசன் பிஜித் தீவுத் தமிழர், கப்பல் தொழிலாளி. ஹாம்பர்க் துறைமுக விடுதியில் இருந்தார்; மல்லிகாவுக்கு அண்ணன் மாதிரி. ஊரில் அவர் தாய் சாகக் கிடந்தாள். ஆறு மாத அலைச்சலுக்குப் பிறகு, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பிஜிக்குப் புறப்படும் கப்பலில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. புறப்படுமுன் கவா கரைத்துக் குடித்து விடைபெறுவது அந்தத் தீவு வழக்கம்.

"தங்கச்சி, ஒரு பிடி வேர் கொண்டா. எந்தத் தீவு வேருன்னு மட்டும் பாத்துக்க. நியூ ஹெப்ரிடீஸ் பக்கம் ஒரு ஜாதி உண்டு. பேரே 'ரெண்டு நாள்'. குடிச்சவன் ரெண்டு நாளைக்குத் தலை தூக்க மாட்டான். எங்க ஊரு வேர்னா விடிஞ்சதும் கரும்பு வெட்டப் போயிடலாம்."

"அண்ணே, எனக்கே பாடம் நடத்துறீங்களா? அதையெல்லாம் அளக்க மெஷின் இருக்கு."

"சரி தாயி. படிச்ச புள்ள சொன்னா சரி."

அலமாரியில் மூன்றாம் நம்பர் ஜாடி பிஜி வேர், பிசின் குறைவு. ஏழாம் நம்பர் நியூ ஹெப்ரிடீஸ். பிசின் எல்லாவற்றையும்விட அதிகம். பேராசிரியர் அதன் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார். ஊருக்குப் போகிற மனுஷனுக்கு மட்டமானதையா கொடுப்பது? ஏழில் அள்ளி, மாவாக அரைத்தே எடுத்துப் போனாள்.

ஞாயிறு மத்தியானம் அவர் பொடியைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்தார். ஒரு தடவை கைதட்டிவிட்டுக் குடித்தார்.

"நாக்கு சட்டுன்னு மரத்துப்போச்சே! எங்க ஊருதானா?"

"நல்லதாப் பாத்துத்தான் எடுத்தேன், குடிங்க."

நாலு கிண்ணம் குடித்தார்.

மறுநாள் வழியனுப்ப முதல் ரயிலில் போனாள். துறைமுகத்தில் கப்பலின் ஏணியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நடேசன் இல்லை. விடுதிக்கு ஓடினாள். கட்டிலருகே வாளி, அதில் வாந்தி. எழுந்து நின்றார், சுவரைப் பிடித்தார், சரிந்தார். கப்பல் ஊதிய சத்தம் அறைக்குள்ளும் கேட்டது.

வேறு கப்பல் கிடைக்காமலே இரண்டு மாதம் போனது; பிறகு தந்தி வந்தது. தாய் போய்விட்டாள்.

"ஏழாம் நம்பர், அண்ணே. நியூ ஹெப்ரிடீஸ். ஜாடியில எழுதியிருந்துச்சு. நான் படிச்சுட்டுத்தான் எடுத்தேன்."

அவர் தந்தியை மடித்துக்கொண்டே இருந்தார். "நீ நல்லதுன்னுதானே நெனச்சே."

ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம் இந்த மனுஷன்.

"அம்மாவுக்காக ஒரு வாய் குடிக்கணும்," என்றார்.

இந்தத் தடவை அரைக்கவில்லை. மூன்றாம் நம்பர் ஜாடியை அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்தார். நகத்தால் தோலைச் சுரண்டினார், ஒடித்து முகர்ந்தார், நுனியை மென்று பார்த்தார். தண்டுத் துண்டுகளைத் தள்ளி வைத்தார். சந்தையில் அவள் அப்பா வெற்றிலைக் கட்டைப் பிரித்துப் பார்ப்பது போலவே பார்த்தார்.

"எங்க ஊருதான்."

கரைத்த முதல் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். வாங்குவதற்கு முன் ஒரு தடவை கைதட்ட வேண்டும். அவளுக்குக் கை எழவில்லை.