உப்புப் போகாத பலகை

படம் நன்றாக வந்தால் என் வீட்டுக்காரர் ரத்தினசாமியின் கைவண்ணம் என்பார்கள். உரிந்துபோனால் மட்டும், அடிப்பூச்சு போட்டது யார் என்று கேட்பார்கள். போட்டது நான்தான். ஆம்பூரில் அவர் எழுதிய கடைப் பலகை, வண்டிப் பலகை எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சவுரியம்மாளின் வேலை இருக்கிறது. யாருக்குத் தெரியும்?

தகரத்துக்கு எண்ணெயில் குழைத்த செந்தூரம் போதும். சுவருக்கு நன்றாக ஊறிய சுண்ணாம்பு. மரப்பலகைதான் பேஜார் பிடித்த வேலை. தோல் பதனிடுகிற ஷாப்பில் வெட்டி எறிகிற பச்சைத்தோல் துண்டுகளை மூன்று நாள் ஊறப்போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும். தோல் அழுகாமலிருக்க அவர்கள் அள்ளிப்போட்ட உப்பு முழுக்கப் போகவேண்டும். அப்புறம் காய்ச்சி வடிகட்டினால் வஜ்ஜிரப் பசை. அதில் சீமைச்சுண்ணாம்பு கலந்து பலகையில் மெல்லிசாக நாலு பூச்சு. அவசரப்பட்டால், மிஞ்சிய உப்பு மழை ஈரத்தில் பூத்து வர்ணம் உதிர்ந்துவிடும்.

அந்தத் தோல் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பவள் அடுத்த வீட்டுப் பட்டம்மாள். தோல் ஷாப்பில் கூலிவேலை. புருஷன் இல்லை. பெற்ற மூன்றில் இரண்டு, நடை பழகும் முன்பே போய்விட்டன. மிஞ்சியது தேவகி ஒருத்தி, பதினோரு வயசு. முதல் யுத்தம் முடிந்த வருஷம் ஐப்பசியில் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்தபோது அவளும் படுத்தாள். நாலாம் நாள் வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை பட்டம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. நேராக என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாள்.

"முன்னாடி போன ரெண்டு கொழந்தைங்க மொகமும் எனக்கு ஞாபகமே இல்ல தம்பி. இவ மொகமும் அப்டிப் போய்டக் கூடாது. உசுரு இருக்கறப்பவே படமா எழுதிக் குடு."

அவர் உடனே தலையாட்டிவிட்டார். எங்கள் வீட்டு மூலையில் அடிப்பூச்சு முடிந்து, நன்றாகக் காய்ந்த பலகை ஒன்று சாய்ந்திருந்தது. தோல் மண்டி ரஷீத் அஹமது சாயபுவின் பெயர் எழுத வைத்திருந்தது. அதை எடுக்கட்டுமா என்று கேட்டார். ஒரு வாரம் தேய்த்துத் தேய்த்து நான் செய்தது. சாயபுவுக்கு என்ன பதில் சொல்வது என்று சிடுசிடுத்தேன். இரண்டே நாளில் புதுசு செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன்.

தோலை ஒரு ராத்திரிதான் ஊறப்போட்டேன். தண்ணீரை ஒரே தடவை மாற்றினேன். காய்ச்சும் முன்னால் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. கரித்தால் கரிக்கட்டும், இதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று அடுப்பில் ஏற்றினேன். நாலு பூச்சுக்கு இரண்டு பூச்சுதான் போட்டேன்.

புதனும் வியாழனும் அவர் தேவகியின் தலைமாட்டில் உட்கார்ந்து எழுதினார். அவர் எழுதியதிலேயே நல்ல படம் அதுதான். இடது புருவத்துத் தழும்பு, கொஞ்சம் தூக்கலான மேலுதடு, எல்லாம் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை தேவகி போய்விட்டாள். பன்னிரண்டாம் நாள் அதே காய்ச்சலில் என் வீட்டுக்காரரும் போனார்.

மறுவருஷம் அடைமழையில் பட்டம்மாள் அந்தப் பலகையைச் சேலைத் தலைப்பில் மூடி எடுத்துவந்தாள். தேவகியின் கன்னத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் வர்ணம் பொருக்காக உதிர்ந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

"தெனம் மடியில வெச்சிக்கினு அழுதேன் சவுரி. என் கண்ணீர் பட்டுத்தான் உப்பு பூத்துடுச்சோ?"

இல்லை அக்கா, இது நான் செய்த பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இருக்கும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்றோடு பட்டம்மாள் அழுவதை நிறுத்திவிட்டாள். திவசத்தன்று கூட அழவில்லை. அழுகை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். கல் மனசுக்காரி என்று தெருவே பேசியது. நானும் அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். புருஷனைப் பறிகொடுத்த எனக்கு அழத் தடை இல்லை. வேண்டிய மட்டும் அழுதேன். அவளைப் பார்த்தால் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொள்வேன், வெட்கமாக இருக்கும்.

அதற்கடுத்த ஐப்பசி மழையில் மறுபடி வந்தாள். படத்தில் கண் இரண்டும் உதிர்ந்து, முகமிருந்த இடத்தில் வெறும் சுண்ணாம்பு தெரிந்தது.

"நான் ஒரு சொட்டு கூட அழலியே சவுரி. அப்பறம் இன்னாத்துக்கு இப்டி ஆச்சு?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு ராத்திரி ஊறிய தோல், நாக்கில் கரித்த உப்பு, கொடுக்க மனசு வராத சாயபு பலகை, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடி அக்கா, காறித் துப்பு என்று அவள் காலைப் பிடித்தேன்.

அவள் அடிக்கவில்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பவே சொல்லியிருந்தா இந்த ஒரு வருஷமும் அழுதிருப்பேனே," என்றாள். பிறகு, "இப்ப அழலாம்னு பாக்கறேன் சவுரி. வரமாட்டேங்குது."